லிப்டன் துரை பார்த்ததும் பாராததும்

உங்களில் பலர் ஹப்புத்தளைக்குப் போயிருப்பீர்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இதை வாசிக்கக்கூடும். தம்பேதன்னைத் தோட்டத் தொழிற்சாலையைத் தாண்டி, தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறும் பாதையில் ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் சென்றால் லிப்டன் இருக்கை என்று பெயர்பெற்ற முனை வரும். கடல் மட்டத்திலிருந்து 1,900 மீற்றருக்கு மேல் உயரம். விடிந்தும் விடியாத நேரத்தில், வானம் தெளிவாக இருந்தால், ஊவாவோடு நில்லாமல் சப்பிரகமுவ, தென், கிழக்கு மாகாணங்களின் பகுதிகளும் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும். தெற்கே கடலோரம்வரை பார்த்ததாகச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் சுணங்கிப் போனீர்களோ, பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்துவிடும். இத்தனை மாகாணங்களைக் காட்டிய அதே இடம், அரை மணி நேரத்தில் பத்தடி தூரத்துத் தேயிலைச் செடியைக்கூடக் காட்டாது.

அங்கே ஒரு வெண்கலச் சிலை அமர்ந்திருக்கிறது. கையில் தேநீர்க் கோப்பை. அவர்தான் சேர் தோமஸ் லிப்டன். தம் தோட்டங்களைப் பார்ப்பதற்கு அவர் விரும்பி அமர்ந்த இடம் அது என்பார்கள். அவ்வளவு உயரத்தில் அமர்ந்தவருக்கு என்னென்ன தெரிந்தது, என்னென்ன தெரியாமற் போயிற்று? அவருடைய வாழ்க்கையைச் சொல்லும்போது இந்தக் கேள்வியையும் உங்களோடு சேர்ந்து கேட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த கோர்பல்ஸ் பகுதியில் அவர் பிறந்தார். பிறந்த ஆண்டு 1850 என்று அவரே சொல்லி வந்தார். 1848 என்பதே சரி என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். பெற்றோர் அயர்லாந்தின் வடபகுதியைச் சேர்ந்தவர்கள். 1840களில் அந்த நாட்டை அழித்த பெரும் பஞ்சத்தின்போது கடல் கடந்து கிளாஸ்கோவுக்கு வந்தார்கள். அந்தப் பஞ்சம் எப்படி வந்தது என்பதை நீங்கள் மறக்காமல் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உருளைக்கிழங்குச் செடியின் இலையில் ஒரு நோய் கண்டது. இலை கருகிற்று, நிலத்துக்குள் கிழங்கு அழுகிற்று. அழுகலினால்தான் பூஞ்சணம் உண்டாகிறது என்று கற்றவர்களே நம்பிய காலம் அது. அப்படியல்ல, பூஞ்சணமே நோய்க்குக் காரணம் என்று 1846இல் எழுதியவர்களுள் முதன்மையானவர் மைல்ஸ் ஜோசப் பேர்க்லி. அவர் இங்கிலாந்தில் ஒரு கிராமத்துப் பங்கின் குரு. அங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். அவர் சொன்னதைப் பலர் அன்று ஏற்கவில்லை. இந்தப் பெயர் நம்முடைய மலைகளில் மறுபடியும் வரும்.

லிப்டனின் தகப்பனாரும் தாயாரும் கிளாஸ்கோவில் ஒரு சிறிய கடை வைத்தார்கள். பன்றியிறைச்சி, வெண்ணெய், முட்டை விற்றார்கள். பையன் சிறு வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போனான். கிளாஸ்கோவுக்கும் பெல்பாஸ்ற்றுக்கும் இடையே ஓடிய கப்பலில் எடுபிடியாக இருந்தான். அங்கே மாலுமிகள் சொன்ன கதைகளைக் கேட்டுக்கேட்டு, கடலுக்கு அப்பால் என்ன இருக்கிறதோ என்ற ஆவல் பிடித்துக்கொண்டது. கையில் இருந்த சில்லறையோடு 1860களின் நடுப்பகுதியில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். வேர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்தான். தென் கரோலைனாவில் நெல் விளையும் பெருந்தோட்டம் ஒன்றில் இருந்தான். பிற்பாடு நியூயோர்க்கில் ஒரு பலசரக்குக் கடையில் சேர்ந்து, பொருளை எப்படி அடுக்கினால், எப்படி விளம்பரம் செய்தால் சனங்கள் வாங்குவார்கள் என்று கற்றுக்கொண்டான். நான்கைந்து வருடங்களில் வீடு திரும்பியபோது தாயாருக்கு ஓர் ஆடு நாற்காலியும் ஒரு பீப்பாய் மாவும் கொண்டுவந்தான் என்பது அவரைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதை.

அமெரிக்கத் தோட்டங்களில் கழிந்த அந்த நாட்களை நான் முக்கியமாக நினைக்கிறேன். பின்னாளில் துரையானவர், ஒரு காலத்தில் தோட்டத்தைக் கீழே நின்று பார்த்தவர் அல்லவா?

1871இல் கிளாஸ்கோவில் தம் முதற் கடையைத் திறந்தார். அவருடைய விளம்பரங்களைச் சொல்லப் போனால் சிரிப்பு வரும். 1881இல் அமெரிக்காவிலிருந்து இராட்சத பாலாடைக்கட்டி ஒன்றை வரவழைத்து, அதற்குள் தங்கக் காசுகளைப் புதைத்து, நத்தார்க் காலத்தில் வெட்டி விற்றார். பத்தொன்பது இருபது ஆண்டுகளில் கடைகள் முந்நூறு அளவில் பெருகின. தாயார் 1889இலும் தகப்பனார் அடுத்த ஆண்டிலும் காலமானார்கள். திருமணம் செய்யாதவர், உடன்பிறந்தோரும் மிஞ்சவில்லை. அந்த 1890ஆம் ஆண்டில்தான் அவர் இலங்கைக்கு வந்தார். அவுஸ்திரேலியாவுக்குப் போவதாக வெளியே சொல்லிவிட்டுக் கொழும்பில் இறங்கினார் என்பார்கள். அப்போது புகையிரதம் நானுஓயாவோடு நின்றது. ஹப்புத்தளைக்கு 1893இலும் பதுளைக்கு 1924இலும்தான் அது வந்தது.

அவர் ஏன் இங்கே வந்தார்? தோட்டங்கள் மலிவாகக் கிடைத்ததால் வந்தார். ஏன் மலிவாகக் கிடைத்தன? அதற்கு இருபத்தொரு வருடம் பின்னே போகவேண்டும்.

1869இல், நம் பதுளை மாவட்டத்தின் மடுல்சீமையில், கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத்தில் சிறு பொட்டுகள் காணப்பட்டன. விரலால் தொட்டால் தூளாக ஒட்டிக்கொள்ளும். பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராயிருந்த துவைற்ஸ் என்பவர் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அதை ஆராய்ந்து பெயரிட்டவர் யார் தெரியுமா? அதே பேர்க்லி குருவானவர்தான். லிப்டனின் பெற்றோரை ஊரைவிட்டுத் துரத்திய நோயை விளங்கிக்கொண்ட கண்தான், லிப்டனுக்குச் செல்வம் கொடுத்த நோயையும் முதலில் விளங்கிக்கொண்டது. தோட்டத்துரைமாரோ அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்த காலம். விளைச்சல் குறைந்தாலும் கைக்கு வரும் காசு குறையவில்லை. இன்னும் இன்னும் காடழித்துக் கோப்பி நட்டார்கள். 1880இல் மார்ஷல் வோர்ட் என்ற இளம் விஞ்ஞானி வந்து முறையாக ஆராய்ந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்தப் பத்தாண்டு முடியுமுன் கோப்பி போயிற்று, கடன் கொடுத்த வங்கியும் விழுந்தது, துரைமார் பலர் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்கள் தேயிலைக்குத் திரும்பினார்கள்.

அறிய முடியாதது ஒன்று. கண்முன் வந்தும் பார்க்க மனமில்லாதது மற்றொன்று. 1869இல் அந்தப் பொட்டு என்ன செய்யும் என்பது எவருக்கும் நிச்சயமாகத் தெரிந்திராது. அதற்காக யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. 1875இல் அப்படிச் சொல்ல முடியுமா?

லிப்டன் தம்பேதன்னை, லேமஸ்தோட்டை, மொனராக்கந்தை முதலிய தோட்டங்களை வாங்கினார். தொழிற்சாலை எழும்பிற்று. மலையுச்சியிலிருந்து கொழுந்துச் சாக்குகள் கம்பிவழியே தொழிற்சாலைக்கு இறங்கின. இலண்டன் தரகர்களை ஒதுக்கிவிட்டு, தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்ற முறையில், சிறிய சிறிய பைக்கற்றுகளில், ஏழைத் தொழிலாளியும் வாங்கும் விலையில் தேயிலையை விற்றார். பணக்காரர் குடித்ததை ஏழையும் குடிக்கச் செய்தார். அதை நாம் குறைவாக மதிக்கக்கூடாது.

ஆனால் இடைத்தரகர் எல்லாரும் ஒழிந்தார்களா? விற்பனைப் பக்கத்தில் ஒழிந்தார்கள். தோட்டத்துப் பக்கத்திலோ, தொழிலாளிக்கும் சம்பளத்துக்கும் நடுவே பெரிய கங்காணி இருந்தார். ஊரிலிருந்து ஆளைக் கூட்டிவரக் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறிற்று. கடன் தீராமல் வேறு தோட்டம் போக முடியாதபடி துண்டு முறை கட்டிப்போட்டது. 1921இல்தான் துண்டு ஒழிக்கப்பட்டது. இது மலையகம் முழுவதற்கும் பொதுவான வழக்கமாயிருந்தது. தரகர்களை அவ்வளவு கூர்மையாகக் கண்டுபிடித்த லிப்டன் துரையின் கண், இந்த ஒரு தரகரிடம் வந்தபோது மட்டும் ஏன் தங்காமற் போயிற்று?

நம் முன்னோரை நினைத்துப் பாருங்கள். கோப்பிக் காலத்தில் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து பறிப்புக் காலத்துக்கு நடந்து வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் இறந்தவர்கள் எத்தனையோ பேர். தேயிலை வந்தபின் வருடம் முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டியதாயிற்று. ஆகவே பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் தங்கின. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் லயத்துக் காம்பராவில் ஒரு குடும்பம். அந்தப் பெண்களுடைய உருவம் லிப்டனின் பைக்கற்றுகளிலும் விளம்பரங்களிலும் ஏறிற்று. கூடையோடு நிற்கும் தமிழ்ப் பெண்ணை இலண்டனிலும் நியூயோர்க்கிலும் தெரியாதவர் இல்லை. அவளுடைய பெயர் என்ன என்று அங்கே எவராவது கேட்டார்களோ, இல்லையோ.

அவர் இரக்கமற்றவர் என்று சொல்லிவிட்டால் விஷயம் சுலபமாகிவிடும். உண்மை அப்படியில்லை. 1897இல் விக்ரோரியா மகாராணியின் வைரவிழாவில் இலண்டன் ஏழைகளுக்கு விருந்து வைக்கப் பணம் போதாமற் போனபோது 25,000 பவுண் கொடுத்தார். அதனால் இலட்சக்கணக்கானோர் உண்டார்கள். மறு ஆண்டு, ஏழைத் தொழிலாளர்களுக்கு மலிவு விலையில் உணவு வழங்கும் அறக்கட்டளைக்கு 100,000 பவுண் கொடுத்தார். 1898இல் சேர் பட்டம் வந்தது. முதலாம் உலகப் போரில் 1915இல், கொள்ளைநோய் பரவிய சேர்பியாவுக்குத் தம் சொந்தக் கப்பலில் மருத்துவர்களையும் தாதிமாரையும் ஏற்றிக்கொண்டு தாமே போனார். அமெரிக்கக் கிண்ணப் பாய்க்கப்பல் போட்டியில் 1899 முதல் 1930 வரை ஐந்து தடவை தோற்றும், முகம் சுளிக்காதவர் என்று அமெரிக்க மக்களே பணம் சேர்த்து ஒரு பொற்கிண்ணம் கொடுத்தார்கள்.

பசியை அறிந்த மனிதர். புகையிலைத் தோட்டத்தில் முதுகு வளைந்த மனிதர். இலண்டன் ஏழையின் வயிற்றை எட்டிய அவருடைய பார்வை, தம் இருக்கைக்குக் கீழே இருந்த லயத்தை எட்டியதா? அந்த நாட்களில் அந்த இருக்கையில் அமர்ந்து அவர் என்ன நினைத்தார் என்பது அவரோடு போயிற்று. உயரமான இடத்திலிருந்து பார்க்கும்போது லயங்கள் வெள்ளைக் கோடுகளாக அழகாகவே தெரியும். நானும் அப்படிப் பார்த்து இரசித்திருக்கிறேன். உள்ளே அடுப்புப் புகையில் கண் கரிப்பதை அந்த உயரம் காட்டாது.

1931 ஒக்டோபர் 2ஆம் திகதி லிப்டன் இலண்டனில் இறந்தார். கிளாஸ்கோவில் பெற்றோரின் கல்லறையருகே அடக்கம் செய்தார்கள். சொத்தின் பெரும்பகுதி அந்நகருக்கும் அங்குள்ள ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் போயிற்று.

அதே 1931இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத் தமிழருக்கு மட்டும் நிபந்தனைகளோடு. பதினேழு வருடங்களில், 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால், அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1964இன் ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டாகப் பிரித்துக் கப்பலேற்றியது. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. எஞ்சியவர்களுக்கு 2003இன் சட்டத்தால்தான் பிரசாவுரிமைப் பிரச்சினை தீர்ந்தது. இவற்றையெல்லாம் 1890இல் எந்த இருக்கையிலிருந்து எவர் கண்டிருக்க முடியும்?

ஆனால் 2014 ஒக்டோபர் 29 வேறு கதை. கொஸ்லந்தை மீரியபெத்தையில், மழை பெய்த ஒரு காலைப் பொழுதில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அந்த மலை ஆபத்தானது, சனங்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று 2005இலும் 2011இலும் அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். பிறகு வேறிடத்தில் வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. மடுல்சீமைக் கோப்பி இலையை நான் ஏன் இவ்வளவு நேரம் சொன்னேன் என்பது உங்களுக்கு இப்போது விளங்கும்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை லிப்டன் இருக்கைக்கு அழைத்துப் போகிறவர்கள் இருட்டோடு புறப்படுங்கள். மூடுபனி யாருக்காகவும் காத்திராது. இறங்கும்போது பிரட்டு முடிந்து மலைக்கு ஏறும் பெண்கள் எதிரே வருவார்கள். நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள், பெயரைக் கேளுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் தாத்தா பாட்டியிடம் இன்னொன்றும் கேட்கலாம்: நம் குடும்பத்தில் முதன்முதல் மண்டபம் தாண்டி வந்தவர் யார், எந்த ஊர், எந்தத் தோட்டத்துக்கு வந்தார் என்று. அவர்களுக்கும் நினைவில்லையானால் பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் தேடிப் பாருங்கள். தோட்டத்துச் செக்றோலில் இலக்கமாக இருந்த சிலர் அங்கே பெயரோடு இருக்கிறார்கள்.