புற்றுநோயை எதிர்த்து நின்ற முத்துலட்சுமி அம்மையார்

யூபிலி மலரில் புனிதர்களின் வரலாற்றை வரைவது வழக்கம். இம்முறை, திருச்சபைக்கு வெளியே இருந்தும் நல்ல சமாரியனின் வழியில் நடந்த ஓர் அம்மையாரைப் பங்கு மக்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் படிப்பதே அரிதான அக்காலத்தில், 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகித் தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். ஆதரவற்ற சிறுமியருக்கு அவ்வை இல்லம் அமைத்தார்.

அவருடைய தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. நோய் இன்னதென்று முதலில் புரியவில்லை; புரிந்தபோது காலம் கடந்திருந்தது. அத்துயரம் அம்மையாரை முடக்கவில்லை. புற்றுநோய் என்றாலே சாவுதான் என்று பலரும் கைவிட்ட நாளில், ஊர் ஊராய் நிதி திரட்டினார். 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. 1968-இல் அம்மையார் மறைந்தார். அம்மருத்துவமனை இன்றும் ஏழைகளுக்குப் புகலிடமாயிருக்கிறது.

அந்தத் தங்கைக்கு நேர்ந்தது நம் பிள்ளைகளுக்கும் நேரலாம். வளரும் வயதில், பெரும்பாலும் 10 முதல் 25 வயதுக்குள், முழங்காலையொட்டிய எலும்பில் ஒரு புற்றுநோய் தோன்றுவதுண்டு. அது அரிதான நோய்தான். ஆனால் பந்தாட்டத்தில் அடிபட்டது என்றெண்ணி, எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, கட்டுப்போட்டு மாதங்களைக் கழித்துவிடுகிறோம். அதற்குள் நோய் நுரையீரலுக்கும் பரவிவிடக்கூடும். அடிபட்டதால் இந்நோய் வருவதில்லை. பெற்றோரின் பாவமோ, சாபமோ, செய்வினையோ இதற்குக் காரணமல்ல.

இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, நாளுக்கு நாள் பெருகும் வீக்கம், காரணமின்றி நொண்டுதல் ஆகியவற்றைக் கண்டால் உருவிவிட வேண்டாம். உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முன்பெல்லாம் காலையே எடுத்துவிடுவார்கள். இப்போது முதலில் மருந்து கொடுத்துக் கட்டியை ஒடுக்கி, நோயுற்ற எலும்பை மட்டும் நீக்கி, உலோக எலும்பைப் பொருத்திப் பலருடைய காலைக் காப்பாற்றுகிறார்கள். பரவுமுன் வந்தவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பிழைக்கிறார்கள்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழும் நமக்குக் கோரிமேட்டு ஜிப்மர் எட்டாத தொலைவில் இல்லை. வில்லியனூர் லூர்து அன்னையிடம் மெழுகுதிரி ஏற்றி வேண்டுவோம். அன்றைக்கே பிள்ளையை மருத்துவரிடமும் கொண்டுபோவோம். இறைவன் மருத்துவரின் கையாலும் குணமளிக்கிறார்.