எம்.சி. ராஜா: ‘ஆதி’ என்ற சொல்லும் பள்ளிக்கூட வாசலும்

கனடாவின் பல பல்கலைக்கழகங்களில் இன்று விழா எதுவானாலும், அந்நிலத்தின் தொல்குடிகள் யார் என்பதைச் சொன்ன பிறகே நிகழ்ச்சியைத் தொடங்குகிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் இவ்வழக்கம் உண்டு; அங்கு ஆண்டுதோறும் மே 27 முதல் ஜூன் 3 வரை நல்லிணக்க வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. கனடாவில் 2021 முதல் செப்டம்பர் 30 உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள். தொல்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, உறைவிடப் பள்ளிகளில் அடைத்து, அவர்களுடைய மொழியையும் பெயரையும் பறித்த குற்றத்தை நினைவுகூரும் நாள் அது. அங்கே பள்ளிக்கூடம் தொல்குடிக் குழந்தையை இழுத்துச் சென்று அடைத்தது. சென்னை மாகாணத்திலோ அது கதவைச் சாத்திக்கொண்டது.

நம் வளாகங்களிலும் பண்பாட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. தாம்பரம் முதல் கேளம்பாக்கம் வரை கல்லூரிகள் அடர்ந்துள்ள தென்சென்னைப் புறநகரில், பொங்கல் வந்தால் பறை ஒலிக்கிறது. எல்லாச் சாதி மாணவர்களும் மகிழ்ந்து ஆடுகிறார்கள். பறையைத் தமிழரின் கலையாகக் கொண்டாடுவதில் நமக்கு மறுப்பில்லை. அக்கருவியின் பெயரையே வசவாக்கி ஒரு மக்கள் கூட்டத்தின் மீது சுமத்திய வரலாறும் அதே மேடையில் பேசப்படுகிறதா என்பதே நம் கேள்வி. நூறாண்டுகளுக்கு முன் இக்கேள்வியின் வேரைச் சட்டமன்றத்துக்குள் கொண்டுசென்றவர் இப்புறநகரில் பிறந்தவர்.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883 ஜூன் 17 அன்று பரங்கிமலையில் பிறந்தார். பரங்கிமலை அன்று ஆங்கிலேயரின் படைமுகாம் அமைந்த ஊர். முகாமைச் சார்ந்து கிடைத்த வேலைகள், ஊர்க் கட்டுப்பாட்டிலிருந்து சற்றே விலகி நிற்கச் சில தலித் குடும்பங்களுக்கு வழி தந்தன. சுற்றியிருந்த செங்கல்பட்டு மாவட்டச் சிற்றூர்களின் நிலை வேறு. மாவட்ட ஆட்சியர் டிரமன்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கை அங்குள்ள பறையர்களின் நிலமற்ற, மனையற்ற வாழ்வை அரசின் முன்வைத்தது. அதன் விளைவாக 1892-இல் பிறந்த அரசாணையே பின்னாளில் பஞ்சமி நிலம் என்று நாம் அறியும் உரிமைக்கு அடிப்படை. அப்போது ராஜாவுக்கு ஒன்பது வயது.

இராயப்பேட்டையில் வெஸ்லி மிஷன் பள்ளியில் பயின்ற அவர், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அக்கல்லூரி அன்று ஜார்ஜ் டவுனில் இருந்தது; 1937-இல்தான் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. பட்டம் பெற்றபின் அவர் ஏற்ற பணி ஆசிரியப் பணி. அவரைப் பற்றி எழுதுவோர் இதை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். நம் பார்வையில், பின்னாளில் அவர் செய்த அரசியலுக்கெல்லாம் திறவுகோல் இதில்தான் இருக்கிறது. அவர் பாடநூல்கள் எழுதினார். மழலையர் வகுப்புக்கென்று ஓர் ஆசிரியையுடன் இணைந்து 1930-இல் ஒரு நூலும் வெளியிட்டார். நிலவை அழைக்கும் பாட்டும், கைவீசச் சொல்லும் பாட்டும் என, இன்று தமிழ்க் குழந்தைகள் எல்லோரும் அறிந்த பாடல்கள் அதில் இடம்பெற்றன. வாய்மொழியாக உலவிய பாட்டை வகுப்பறைக்குள் கொண்டுவந்த அவ்வேலையைச் செய்தவர், தம் மக்களின் குழந்தைகள் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட காலத்து ஆசிரியர். ‘பண்பாட்டுக் கற்றல்’ என்று இன்று கருத்தரங்குகளில் பேசப்படுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்காது.

1916-இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். 1919 வாக்கில் அரசு ஆவணங்களில் பதிவான கணக்குப்படி, மாகாணத்தின் 8,157 பள்ளிகளில் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609 மட்டுமே. பல பள்ளிகள் அக்கிரகாரத்திலும் கோயிலை ஒட்டியும் ஊர்த்தெரு வீடுகளிலும் நடந்தன. பள்ளி எல்லோர்க்கும் பொது என்று காகிதத்தில் இருந்தது. பள்ளிக்குச் செல்லும் தெருவோ பொதுவாக இல்லை. ஆகவே கல்வியுரிமை என்பது தெருவில் நடக்கும் உரிமையிலிருந்தே தொடங்குகிறது என்பதை ராஜா போன்றோர் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

இரட்டையாட்சிச் சீர்திருத்தத்தின்கீழ் 1920-இல் அமைந்த மாகாணச் சட்டமன்றத்துக்கு அவர் நியமிக்கப்பட்டார். 1922-இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் வழியே, அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்ற பெயர்கள் ஏற்கப்பட்டன. அதே ஆண்டு மார்ச் 25 அன்று அரசாணை வெளிவந்தது. ‘ஆதி’ என்ற சொல் தற்செயலாக வந்ததன்று. அயோத்திதாசர் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தம் மக்களைப் பூர்வத் தமிழர் என்று பதியக் கோரியிருந்தார். இந்நிலத்தின் முதற்குடிகள் நாங்களே என்ற உரிமைக்கோரல், நாற்பதாண்டுகள் கழித்து அரசு முத்திரையுடன் ஏற்கப்பட்டது. தொல்குடி ஏற்பு என்பதைக் கடந்த சில பத்தாண்டுகளில் மேலைநாட்டு வளாகங்களில் பிறந்த கருத்தாக எண்ணுவோர் இந்த ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். (பட்டியல் சாதிகளின் ஆணையில் ஆதிதிராவிடரும் பறையரும் இன்றளவும் தனித்தனிப் பதிவுகளாகவே நீடிக்கின்றன. சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகப் படியேறும் குடும்பங்கள் இதன் சிக்கலை நன்கறியும்.)

பெயர் மாறியது, நடத்தை மாறவில்லை. 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் தாக்கப்பட்டனர். நீதிக்கட்சித் தலைவர்கள் சிலரோ அவர்கள் மீதே பழிபோட்டனர். பிராமணரல்லாதார் என்ற பொதுப்பெயருக்குள் தம் மக்களின் இடம் என்ன என்று கேட்ட ராஜா, 1923-இல் அக்கட்சியிலிருந்து வெளியேறினார். 1927 முதல் 1937 வரை மத்திய சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்டோரின் நியமன உறுப்பினராக இருந்தார்.

அவர் வாழ்வில் நாம் உடன்பட இயலாத பகுதியும் உண்டு. 1932-இல் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு கூட்டுத் தொகுதி முறையை ஆதரித்தார். தனித்தொகுதிக்காக வட்டமேசை மாநாட்டில் போராடிய அம்பேத்கருக்கும் இரட்டைமலை சீனிவாசனுக்கும் எதிராக அது பயன்படுத்தப்பட்டது. பூனா ஒப்பந்தத்தில் மாகாணங்களுக்கான இடங்கள் 71-இலிருந்து 148 ஆயின. ஆனால் அவற்றுக்கு யார் செல்வது என்பதைத் தீர்மானிக்கும் வாக்கு பிறர் கையில் போனது. நல்லெண்ணத்தை நம்பிய ராஜாவுக்கு அதன் விலை ஆறாண்டுகளில் தெரிந்தது.

1937-இல் கூர்ம வெங்கட ரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவையில் சில மாதங்கள் அமைச்சராக இருந்த அவர், 1938-இல் சட்டமன்றத்தில் இரு மசோதாக்களைக் கொண்டுவந்தார். பொதுக் கிணறு, குளம், பாதை, போக்குவரத்து போன்றவற்றில் தீண்டாமையைத் தடுக்கும் சமூக இயலாமை ஒழிப்பு மசோதா சட்டமானது. நாட்டில் இத்தன்மையான சட்டங்களில் முன்னோடி அது. தீண்டாமை வழக்குகளை நடத்தும் நாம் 1955 சட்டத்தையும் 1989 சட்டத்தையுமே பேசுகிறோம். பரங்கிமலைக்காரரின் இச்சட்டம் பேச்சில் வருவதே இல்லை. இரண்டாவதான கோயில் நுழைவு மசோதாவைத் திரும்பப் பெறுமாறு முதல்வர் இராஜாஜி கேட்டுக்கொண்டார். ராஜா மறுத்தார். காங்கிரசின் பெரும்பான்மை வாக்குகள் மசோதாவைத் தோற்கடித்தன. காந்திக்கு எழுதிப் பார்த்தார். இராஜாஜியை நம்புமாறே மறுமொழி வந்தது. பூனாவில் தரப்பட்ட உறுதிமொழி என்னவாயிற்று என்ற அவரது கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. 1942 மார்ச் இறுதியில் கிரிப்ஸ் தூதுக்குழுவைச் சந்திக்கச் சென்றபோது அவர் அம்பேத்கரின் பக்கத்தில் நின்றார். மறு ஆண்டு ஆகஸ்டில் காலமானார்.

நல்லிணக்கம் என்ற சொல்லைக் கேட்கும்போது நம் நினைவுக்கு வருவது 1938-தான். அன்று ராஜாவிடம் பொறுமை கேட்கப்பட்டது. கதவுக்கு உள்ளே இருந்தவர்களிடம் எதுவும் கேட்கப்படவில்லை. நாங்குநேரி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவரிடையே சாதியுணர்வைக் களைவதற்கான பரிந்துரைகளை 2024 ஜூனில் அரசிடம் அளித்தது. அக்குழு பள்ளிகளைப் பற்றிச் சொன்னதில் பலவும் கல்லூரி வளாகங்களுக்கும் பொருந்தும்.

ராஜாவின் பெயரைத் தாங்கிய ஆதிதிராவிடர் மாணவர் விடுதி சைதாப்பேட்டையில் இருக்கிறது. பரங்கிமலையிலிருந்து மின்தொடர் வண்டியில் இரண்டாவது நிறுத்தம். அதற்கு 2025-இல் புதிய கட்டடம் எழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் அரசு, நலத்துறை விடுதிகள் அனைத்தையும் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றியது. தாம்பரத்துக் கல்லூரிகள் கல்வியாண்டைத் தொடங்கும் காலத்தை ஒட்டியே ஜூன் 17 வருகிறது. அன்று பறை ஒலிக்கட்டும். அதே மேடையில் 1922 தீர்மானமும், 609 பள்ளிகளின் கணக்கும், செங்கல்பட்டுப் பஞ்சமி நிலங்களின் இன்றைய பட்டாக்கள் யார் பெயரில் உள்ளன என்ற பட்டியலும் வாசிக்கப்படட்டும். பழங்குடிச் சான்றிதழுக்காக அலையும் இதே மாவட்டத்து இருளர் மாணவர்களை முதல் வரிசையில் அமர்த்த வேண்டும் என்பதையும் வளாக நிர்வாகங்களின் முன் வைக்கிறோம்.