இராமானுஜனும் விடுபட்ட எண்ணும்

கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், கல்லூரிப் பரீட்சையில் இருமுறை சித்தியடையத் தவறியவர். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபா சம்பளத்தில் எழுதுவினைஞரானார். 1914இல் அவர் சென்றடைந்தது கேம்பிரிட்ஜின் டிரினிட்டிக் கல்லூரி. கண்டியில் நாமறிந்த திரித்துவக் கல்லூரிக்கும் அதற்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை.

இராமானுஜன் என்றதும் 1729ஐயே பலரும் நினைவுகூர்வர். நாம் இங்கு கருதுவது அதனினும் மிகப் பெரியதோர் எண்: 6,746,328,388,800. தன்னிலும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத தொகையில் காரணிகளையுடைய எண்களை அவர் ஆராய்ந்தார். 12க்குக் காரணிகள் 6. அதனிற் சிறிய எதற்கும் அத்தனை இல்லை. மேற்சொன்ன எண்ணுக்கோ 10,080! காரணி ஆராய்ச்சி கீழைத்தேயத்துக்குப் புதிதன்று. 9ஆம் நூற்றாண்டிலேயே பக்தாதில் தாபித் இப்னு குர்றா அதில் விதி வகுத்திருந்தார்.

1915இல் வெளியான கட்டுரையில் இராமானுஜன் அவ்வெண்களைக் கையாற் கணித்து நிரற்படுத்தினார். நிரலின் இறுதி எண் இதுவே. பரீட்சையில் தோற்றவருக்கு அக்கட்டுரைக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டமளித்தது.

எனினும் நிரலில் ஓர் எண் விடுபட்டது: 293,318,625,600. அதனை 23ஆல் பெருக்கினால் கிடைப்பது அவரது இறுதி எண்ணேயாகும். பேராதனையில் கணிதம் பயிலும் மாணவர் இன்று கணினியில் நொடிப்பொழுதில் இதனைச் சரிபார்த்துவிடலாம். நூறு எண்களுக்கு மேல் கணித்தவர் ஒன்றைத் தவறவிட்டதை நாம் குறையாகக் கொள்ளோம். பணநெருக்கடியால் அன்று அச்சேறாத எஞ்சிய பகுதி 1997இலேயே வெளிவந்தது. 1920 ஏப்ரல் 26இல், 32 வயதில், அவர் மறைந்து 77 ஆண்டுகளின் பின்னர்.