சட்டைப் பையில் அடங்கும் பிஸ்டல்: தட்டைத் துப்பாக்கிக்குக் கணக்குப் போட்ட ஜான் பிரவுனிங் யார்?

1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் நிலையத்தில் நின்றிருந்த ரயிலின் முதல் வகுப்புப் பெட்டியில், திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார்.

1914 ஜூன் 28. சரயேவோ நகரத்தின் தெருமுனையில், ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் காவ்ரிலோ பிரின்சிப் சுட்டார்.

1931 பிப்ரவரி 27. அலகாபாத் ஆல்ஃபிரட் பூங்காவில் போலீஸ் சூழ்ந்துகொண்ட நிலையில், சந்திரசேகர ஆசாத் கடைசி வரை சுட்டுப் போராடி உயிரைவிட்டார்.

வேறு வேறு ஊர், வேறு வேறு காரணம். ஆனால் மூவர் கையிலும் இருந்த பிஸ்டலை வடிவமைத்தவர் ஒரே ஆள்தான். அமெரிக்காவின் உட்டா பகுதியில் பிறந்த ஜான் மோசஸ் பிரவுனிங். உடையில் மறைத்து எடுத்துச் செல்லும் மெல்லிய பிஸ்டல் நல்லதா இல்லையா என்று இன்றைக்கும் எந்தெந்த அளவுகோலை வைத்துப் பார்க்கிறார்களோ, அதில் பெரும்பகுதி அவர் பட்டறையில் உருவானது. யார் இவர்? அப்படி என்ன செய்தார்?

பட்டறையில் வளர்ந்த பையன்

பிரவுனிங் பிறந்தது 1855 ஜனவரி 23, ஆக்டன் என்ற சிற்றூரில். அப்பா ஜோனதன் பிரவுனிங் துப்பாக்கிக் கொல்லர். மோர்மன் மதத்தைத் தழுவி, மற்ற குடியேறிகளோடு 1852-ல் உட்டாவுக்கு வந்தவர். மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள். அவரும் சாதாரண ஆள் இல்லை. இரும்புப் பட்டையில் வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் மருந்தும் குண்டும் அடைத்து, பட்டையை நகர்த்தி நகர்த்திச் சுடும் ரைஃபிளை அந்தக் காலத்திலேயே செய்தவர்.

அந்தப் பட்டறையில் கிடந்த பழைய இரும்பைப் பொறுக்கி, சுமார் 10 வயதிலேயே ஜான் தன் முதல் துப்பாக்கியைச் செய்தார் என்று சொல்வார்கள். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. அரமும் உளியும் லேத்தும்தான் பள்ளிக்கூடம்.

1879-ல் அவர் வாழ்க்கையில் மூன்று விஷயங்கள் நடந்தன. திருமணம் ஆனது. அப்பா இறந்தார். ஒற்றைத் தோட்டா ரைஃபிள் ஒன்றுக்கு முதல் காப்புரிமை கிடைத்தது. தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு ஆக்டனில் கடை போட்டு, அந்த ரைஃபிளைக் கையாலேயே செய்து விற்றார். அதில் ஒன்று வின்செஸ்டர் நிறுவனத்தின் கண்ணில் பட்டது. 1883-ல் நிறுவனத்தின் பெரிய அதிகாரி பென்னட், நாட்டின் கிழக்குக் கோடியிலிருந்து ரயில் ஏறி ஆக்டனுக்கே வந்து, 8,000 டாலருக்கு உரிமையை வாங்கினார். அடுத்த 19 ஆண்டுகள் பிரவுனிங் வடிவமைப்பார், வின்செஸ்டர் விலைக்கு வாங்கும். அதில் பலவற்றைத் தயாரிக்கக்கூட இல்லை. போட்டி நிறுவனங்கள் கைக்குப் போகாமல் இருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு.

ரிவால்வரில் என்ன பிரச்சினை?

1890-கள் வரை இடுப்பிலோ பையிலோ வைத்துக்கொள்ளும் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் ரிவால்வர்தான். நம்பகமான கருவி. ஆனால் அதன் நடுவில் ஒரு உருளை இருக்கிறது. ஐந்தோ ஆறோ தோட்டாக்கள் வட்டமாக அதில் உட்கார வேண்டும். அந்த வட்டம்தான் துப்பாக்கியின் தடிமன். கோட்டுக்குள் வைத்தால் புடைத்துக்கொண்டு நிற்கும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியல், அவசரமாக உருவும்போது துணியில் மாட்டும்.

தோட்டாக்களை வட்டமாக வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கைப்பிடிக்குள் போட்டால்? தடிமன் ஒரு தோட்டாவின் அகலத்துக்கு இறங்கிவிடும். கைப்பிடிக்குள் மேகசின் என்பது பிரவுனிங் மட்டுமே யோசித்த விஷயம் இல்லை. அவர் கொண்டுவந்த பெரிய மாற்றம் மேலே இருக்கும் ஸ்லைடு. குழலை மூடியபடி முன்னும் பின்னும் ஓடும் ஒரே இரும்புத் துண்டு. சுட்டதும் அது பின்னால் போய்க் காலித் தோட்டாவை வெளியே தள்ளும், திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை ஏற்றும். இன்றைக்கு உலகில் விற்கும் பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது இந்த ஸ்லைடுதான்.

கூடவே தோட்டாவையும் அவரே வடிவமைத்தார். 7.65 மி.மீ. அளவு, அமெரிக்கக் கணக்கில் .32. இதைச் சின்னதாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பெரிய தோட்டா என்றால், வெடிக்கும் நொடியில் குழலையும் ஸ்லைடையும் பூட்டிப் பிடிக்கத் தனி ஏற்பாடு வேண்டும். சின்னத் தோட்டாவுக்கு ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் பலமுமே போதும். பாகங்கள் குறையும், துப்பாக்கி மெலியும்.

பெல்ஜியம் எப்படி வந்தது?

1897-ல் எஃப்.என். நிறுவனத்தின் பிரதிநிதி ஹார்ட் பெர்க் அமெரிக்கா வந்திருந்தபோது இந்தச் சின்ன பிஸ்டலைப் பார்த்தார். பெல்ஜியத்தின் லியேஜ் நகரம் அருகே ஹெர்ஸ்டாலில் இருக்கும் எஃப்.என்., அந்நாட்டு ராணுவத்துக்கு மௌசர் ரைஃபிள் செய்து கொடுப்பதற்காக 1889-ல் தொடங்கப்பட்ட தொழிற்சாலை. புதிதாக எதையாவது தயாரிக்க வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு. உடனே ஒப்பந்தம் போட்டார்கள். அதில் வந்ததுதான் எஃப்.என். 1900 மாடல், ஏழு தோட்டா பிஸ்டல். ஐரோப்பாவில் சக்கைப்போடு போட்டது. பிரெஞ்சு மொழியில் பிஸ்டலுக்கே பிரவுனிங் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இதற்கிடையே 1902-ல் வின்செஸ்டரோடு உறவு முறிந்தது. தானியங்கி ஷாட்கன் ஒன்றுக்கு, மொத்தப் பணம் வேண்டாம், விற்கும் ஒவ்வொன்றுக்கும் ராயல்டி வேண்டும் என்று பிரவுனிங் கேட்டார். பென்னட் மறுத்தார். ரெமிங்டன் நிறுவனத் தலைவரைப் பார்க்கப் போனால், சந்திப்பு நாளன்றே அவர் மாரடைப்பில் இறந்துபோனார். பிரவுனிங் ஷாட்கனைத் தூக்கிக்கொண்டு பெல்ஜியத்துக்குக் கப்பல் ஏறினார். அதற்குப் பிறகு ஹெர்ஸ்டால் அவருக்கு இரண்டாவது ஊர் ஆகிவிட்டது.

மெலிவுக்கு என்ன விலை?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். மறைத்து எடுத்துச் செல்லும் பிஸ்டலை மதிப்பிடுவது எப்படி? 1903 முதல் 1910 வரை பிரவுனிங் செய்த மூன்று பிஸ்டல்களைப் பார்த்தாலே பதில் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்றைப் பெற இன்னொன்றைக் கொடுத்திருக்கிறார்.

துணியில் மாட்டக்கூடாது: அமெரிக்காவில் கோல்ட் நிறுவனம் தயாரித்த 1903 மாடலுக்கு, சுத்தியல் இல்லாதது என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். உண்மையில் சுத்தியல் இருக்கு, ஸ்லைடின் பின்பக்கத்துக்குள் மறைந்திருக்கு, அவ்வளவுதான். வெளியே எல்லாம் வழவழப்பு. ஆனால் சுத்தியல் ஏறியிருக்கிறதா இல்லையா என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது.

தற்செயலாக வெடிக்கக்கூடாது: பையில் கிடக்கும் துப்பாக்கி உடம்பை ஒட்டியே இருக்கிறது. அதனால் கைப்பிடியின் பின்பக்கத்தில் ஒரு தகடு வைத்தார். உள்ளங்கை அழுத்திப் பிடித்தால்தான் சுடும். கட்டைவிரலுக்கு ஒரு சேஃப்டி தனியாக. 1910 மாடலில் மூன்றாவதும் சேர்ந்தது. மேகசினைக் கழற்றிவிட்டால் டிரிகர் வேலை செய்யாது. இத்தனை இருந்தும் குழலில் தோட்டா ஏற்றி வைப்பதா வேண்டாமா என்பது வைத்திருப்பவரின் தலைவலிதான். ஏற்றாமல் வைத்தால் ஆபத்து குறைவு. ஆனால் தேவைப்படும் நொடியில் ஸ்லைடை இழுக்க இரண்டு கையும் வேண்டும்.

எவ்வளவு சின்னது போதும்: 1905 வாக்கில் வந்த 6.35 மி.மீ. பிஸ்டல் உள்ளங்கைக்குள் அடங்கும். நீளம் 11 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். உள்சட்டைப் பைக்கு அளவெடுத்துச் செய்தது. ஆனால் பிடிக்க இரண்டு விரலுக்குத்தான் இடம். தோட்டாவோ மிகவும் பலவீனம். குறுகிய தூரம் தாண்டினால் நம்ப முடியாது.

எவ்வளவு மெல்லியது: 1910 மாடலில்தான் இந்தக் கணக்கு ஒழுங்காக உட்கார்ந்தது. அதுவரை குழலுக்கு மேலேயோ கீழேயோ தனியாக இருந்த ஸ்பிரிங்கை எடுத்துக் குழலைச் சுற்றியே போட்டார். ஸ்லைடு ஒரு மெல்லிய உருளை ஆகிவிட்டது. எடை ஏறத்தாழ 600 கிராம், நீளம் 15 செ.மீ. குறிபார்க்கும் முனைகூடத் துணியில் மாட்டக்கூடாது என்று மேலே ஒரு பள்ளத்துக்குள் பதித்தார். விளைவு? அவசரத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பையிலிருந்து லகுவாக வரும், குறி வைப்பது கஷ்டம்.

அதான் விஷயம். மறைப்பது சுலபமாக ஆக, சுடுவது கடினமாகும். எடை குறைந்தால் கை உதறும். கைப்பிடி குறுகினால் பிடி தளரும். தோட்டாவின் எண்ணிக்கையும் குறையும். இந்தப் பேரத்தை எந்தப் பொறியாளரும் முழுசாகத் தாண்டியதில்லை, பிரவுனிங் உட்பட.

1914: ஒரே ஆண்டில் இரண்டு செய்தி

எஃப்.என். தயாரித்த பிரவுனிங் பிஸ்டல்கள் பத்து லட்சத்தைத் தொட்டதை 1914 தொடக்கத்தில் பெல்ஜியத்தில் விழா எடுத்துக் கொண்டாடினார்கள். மன்னர் ஆல்பர்ட், பிரவுனிங்குக்கு லியோபோல்ட் விருது கொடுத்துக் கௌரவித்தார்.

அதே ஆண்டு ஜூன் மாதம் சரயேவோ. சதிகாரர்களிடம் நான்கு பிஸ்டல்கள் இருந்தன. 1910 மாடல், 9 மி.மீ. குட்டைத் தோட்டா. கூட்டத்தில் நின்ற 19 வயதுப் பையனின் உடையில் ஒன்று இருந்தது யாருக்கும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்ட கருவி அது. இளவரசரின் கார் தப்பான வழியில் திரும்பி, பிரின்சிப் நின்ற இடத்துக்கு மிக அருகில் வந்து நின்றது. குறி பார்க்கத் தேவையே இல்லாத தூரம். இரண்டே தோட்டா. சரியாக ஒரு மாதத்தில் முதல் உலகப் போர். அந்த பிஸ்டல் இன்று வியன்னா ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சிறிய பிஸ்டலின் குறைகள் எல்லாம் தூரத்தில்தான் தெரியும். பக்கத்தில் நெருங்கிவிட்டால் அவை எதுவும் கணக்கில் வராது. தற்காப்புக்காக வாங்குபவருக்கு எது வசதியோ, கொல்ல வருபவருக்கும் அதுவே வசதி. ஒருவரைக் காப்பாற்றத் தனியாக, தாக்கத் தனியாக என்று ஒரு பொறியாளர் ஸ்லைடை வடிவமைக்க முடியாது.

பெரிய துப்பாக்கிகளும் அவருடையவையே

மறைக்க வேண்டாத இடத்தில் பிரவுனிங் வேறு மாதிரி யோசித்தார். பிலிப்பைன்ஸ் சண்டையில் .38 ரிவால்வர் போதவில்லை என்று அமெரிக்க ராணுவம் .45 தோட்டா கேட்டது. இதற்கு வெறும் ஸ்பிரிங் தாங்காது. சுடும்போது குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சேர்ந்து நகர்ந்து, பிறகு குழல் கீழே இறங்கிப் பிரியும் ஏற்பாட்டை அமைத்தார். சோதனையில் 6,000 தோட்டாக்கள் சுட்டும் சிக்கவில்லை. 1911 மார்ச்சில் ராணுவம் அதை ஏற்றது. எடை ஒரு கிலோவுக்கு மேல்.

1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியபோது அவருடைய இயந்திரத் துப்பாக்கியும் தானியங்கி ரைஃபிளும் களத்துக்குப் போயின. அவர் மகன் வால், அந்த ரைஃபிளோடு பிரான்ஸ் போர்முனைக்குப் போனார். அப்பாவின் ஒரு பிஸ்டல் கிளப்பிவிட்ட போரில், அப்பாவின் இன்னொரு துப்பாக்கியோடு மகன்.

கடைசி நாள்

1926 நவம்பர் 26. ஹெர்ஸ்டால் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது பிரவுனிங்குக்கு நெஞ்சு வலி. மகன் வாலின் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது. வயது 71. காப்புரிமைகள் 128.

அவர் பாதியில் விட்டுப்போன பிஸ்டலை எஃப்.என்.னின் டியூடோனே சைவ் முடித்தார். 1935-ல் வந்த அந்த ஹை பவர் பிஸ்டலின் மேகசினில் 13 தோட்டாக்கள், இரண்டு வரிசையாக. தோட்டா கூடியது, கைப்பிடியும் தடித்தது. அதே பழைய பேரம், இந்த முறை எதிர்ப்பக்கமாக.

இன்றைக்கு என்ன?

2018-ல் சிக் சாவர் பி365 வந்தபோது அமெரிக்காவில் பெரிய பேச்சானது. சுமார் ஒரு அங்குலத் தடிமனில் 10 தோட்டா மேகசின். தோட்டாக்களை அடுக்கும் விதத்தில் சாமர்த்தியம் காட்டியிருந்தார்கள். ஆனால் உள்ளே சாய்ந்து பிரியும் குழல், பிரவுனிங் போட்ட அடித்தளம்தான். அதை மதிப்பிடுபவர்கள் கேட்பதும் அதே கேள்விகள்: எவ்வளவு தடிமன், எதில் மாட்டும், எத்தனை தோட்டா, கை எவ்வளவு உதறும், கீழே விழுந்தால் வெடிக்குமா?

இந்தியாவில் நிலைமை வேறு. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். உரிமம் இருந்தாலும் 9 மி.மீ. பிஸ்டல் பொதுமக்களுக்குத் தடை. அரசு ஆயுதத் தொழிற்சாலை உரிமதாரர்களுக்குச் செய்து விற்கும் அஷானி பிஸ்டல் .32. ஆமாம், பிரவுனிங் 120 ஆண்டுகளுக்கு முன்னால் வடிவமைத்த அதே தோட்டா.

வாஞ்சியின் பிஸ்டலும் பிரவுனிங். ஆசாத்தின் கோல்ட் இன்றும் அலகாபாத் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. நமக்கு அவை தியாகத்தின் சின்னம். வியன்னாவில் இருப்பது ஒரு பேரழிவின் சின்னம். எப்படி மறைப்பது, எப்படித் தற்செயலாக வெடிக்காமல் தடுப்பது என்ற கேள்விகளுக்கு ஆக்டன் பட்டறைக்காரர் இரும்பில் பதில் சொல்லிவிட்டார். யார் கையில் கொடுப்பது என்ற கேள்விக்கு மட்டும் இரும்பில் பதில் இல்லை. அதனால்தான் உரிமம் கேட்கும் மனுவும் காவல்துறை விசாரணையும் இன்னும் தேவைப்படுகின்றன.