பா. இராமமூர்த்தி (மருத்துவர்)

பா. இராமமூர்த்தி (சனவரி 30, 1922 – டிசம்பர் 13, 2003) தமிழ்நாட்டைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஆவார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கியவர். மேலை நாடுகளில் அரிதாகிவிட்ட மூளைக் காசநோய்க் கட்டிகளைப் பற்றிய இவருடைய ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை.

வாழ்க்கைச் சுருக்கம்

இராமமூர்த்தி சீர்காழியில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபின் 1947 இல் எடின்பரோவில் எப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ரௌபாதம் என்பவரிடம் நரம்பியல் அறுவையில் பயிற்சி பெற்றார். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டின் நிறுவனத்திலும் சில காலம் இருந்தார்.

நாடு திரும்பி 1950 அக்டோபரில் சென்னையில் பணியைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் வேலூரில் ஜேக்கப் சாண்டி இத்துறையை இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கியிருந்தார். இவ்விருவரும், எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து 1951 இல் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர்.

மூளைக் காசநோய்க் கட்டிகள்

காசநோய்க் கிருமி நுரையீரலிலிருந்து இரத்தத்தின் வழியே மூளையை அடைந்து கட்டியாக வளர்வதுண்டு. தலைவலி, வாந்தி, வலிப்பு, பார்வை மங்குதல் ஆகியன இதன் அறிகுறிகள். பிற மூளைக்கட்டிகளுக்கும் இவையே அறிகுறிகள் என்பதால் பிரித்தறிவது கடினம். மேலைநாட்டு மருத்துவர்கள் அரிதாகவே கண்ட இக்கட்டி, 1950களில் இந்திய மருத்துவமனைகளில் மூளைக்கட்டிகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. எனவே மேலைநாட்டுப் பாடநூல்களை மட்டும் நம்பி இங்கு மருத்துவம் செய்ய இயலவில்லை.

அக்காலத்தில் சி.டி. ஸ்கேன் கருவி இல்லை. மூளை அறைகளுள் காற்றைச் செலுத்தியோ, இரத்தக் குழாய்களில் மருந்து ஏற்றியோ எடுக்கப்படும் எக்ஸ்-கதிர்ப் படங்களைக் கொண்டே கட்டியின் இடம் அறியப்பட்டது. நோய்க்குறிகளையும் இத்தகைய படங்களையும் ஒப்பிட்டு, வரதராஜனுடன் இணைந்து இராமமூர்த்தி எழுதிய ஆய்வுக் கட்டுரை 1961 இல் வெளிவந்தது.

காசநோய் மருந்துகள் வருவதற்கு முன், கட்டியை அகற்றியபின் கிருமி பரவி மூளை உறை அழற்சியால் நோயாளி இறப்பது வழக்கம். ஸ்ட்ரெப்டோமைசின், ஐசோனியாசிட் ஆகிய மருந்துகள் இவ்விடரைப் பெரிதும் குறைத்தன. புற்றுக்கட்டி எனக் கருதிக் கைவிடப்படக்கூடிய நோயாளி, காசநோய்க் கட்டி என அறியப்பட்டால் முழுநலம் பெறும் வாய்ப்பு உண்டாயிற்று. இன்று பெரும்பாலான கட்டிகள் மருந்தாலேயே கரைக்கப்படுகின்றன. மூளையில் அழுத்தம் மிகும்போதும், நோயை உறுதிசெய்ய வேண்டியபோதும் மட்டுமே அறுவை மேற்கொள்ளப்படுகிறது.

பிற பணிகள்

வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா ஆகியோருடன் சேர்ந்து, மண்டையில் சிறு துளையிட்டு மூளையின் ஆழப்பகுதிகளை அடையும் ஸ்டீரியோடாக்டிக் அறுவை முறையைச் சென்னையில் வளர்த்தார். இம்முறை நடுக்குவாத நோயாளிகளுக்குப் பயன்பட்டது. மனநல, நடத்தைச் சிக்கல்களுக்கு இதனைப் பயன்படுத்தியது பின்னாளில் உலகெங்கும் விவாதத்துக்கு உள்ளான ஒன்றாகும்.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் அடையாற்றில் வி.எச்.எஸ். மருத்துவமனையின் நரம்பியல் மையத்தை வளர்த்தார். பி. என். டாண்டனுடன் இணைந்து நரம்பியல் அறுவைப் பாடநூலைத் தொகுத்தார். இவருடைய ஆங்கிலத் தன்வரலாறு 'அப்ஹில் ஆல் தி வே' என்பதாகும்.

இந்திய அரசு இவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது. இவர் 2003 இல் சென்னையில் காலமானார்.