போர்க்களத்தில் ஒரு மருத்துவர்

போர்க்களத்தில் காயம்பட்டு வீழ்ந்தவன், சண்டை ஓயும்வரை கிடந்த இடத்திலேயே துடிக்க வேண்டும். மருத்துவ வண்டிகள் வெகுதூரம் பின்னால் நிற்கும். பிரெஞ்சுப் படையில் இருந்த இக்கொடுமையை மாற்றியவர் தொமினிக் ழான் லாரே என்னும் அறுவை மருத்துவர்.

1766-ல் பிரான்சின் மலைக்கிராமம் ஒன்றில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்த அவரை, துலூஸ் நகரில் மருத்துவராயிருந்த தந்தையின் சகோதரர் ஆளாக்கினார்.

1792-ல் குதிரை பூட்டிய இலகுவான வண்டிகளை அமைத்து, சண்டை நடக்கும்போதே காயமுற்றோரை மீட்டுவரச் செய்தார். 1798-ல் நெப்போலியன் மிஸ்ர் நாட்டின் மீது படையெடுத்தபோது உடன் சென்றார். அந்த மணலில் வண்டி ஓடாதென்று, ஒட்டகத்தின் இருபுறமும் பெட்டிகள் பொருத்தி அவற்றில் காயமுற்றோரைச் சுமக்கச் செய்தார்.

தளபதியா சிப்பாயா, தம்மவனா எதிரியா என்று அவர் பார்க்கவில்லை. எவன் காயம் கொடியதோ அவனுக்கே முதல் சிகிச்சை. 1815-ல் வாட்டர்லூவில் பிரஷ்யரிடம் சிறைப்பட்டு மரணத்தின் வாசலில் நின்றபோது, எதிரித் தளபதி ப்ளூகரின் மகனுக்கு முன்னர் அவர் செய்த சிகிச்சையே அவரைக் காத்தது.

1794-ல் மணந்த மனைவி எலிசபெத் ஓர் ஓவியர். பல்லாண்டு பிரிவிலும் போர்முனையிலிருந்து அவருக்குக் கடிதங்கள் எழுதி வந்தார். மகன் இப்போலித்தும் தந்தை வழியில் படை மருத்துவரானார். 1842-ல் மகனுடன் அல்ஜீரியா சென்று மருத்துவமனைகளைப் பார்வையிட்டுத் திரும்பும் வழியில், லியோன் நகரில் காலமானார். சில நாட்களுக்கு முன்புதான் மனைவியும் மறைந்திருந்தார். இறுதியாக ஒருமுறை முகம் பார்க்கும் வாய்ப்பு இருவருக்குமே கிட்டவில்லை.

வாசகர்களே! துன்பப்படுபவன் யாரென்று விசாரிக்குமுன், அவன் வேதனை எவ்வளவு என்று பார்ப்போமாக!