காகிதத்தில் கவுன் வெட்டிய அம்மையார்

தையல் வகுப்பு நடைபெறும் நாளில் எங்கள் வகுப்பறையைப் பார்ப்பவர்கள், அது பழைய பேப்பர்க் கடையோ என்று ஐயுறுவார்கள். மேசையெங்கும் செய்தித்தாளும் பிரவுன் பேப்பருமாய்க் கிடக்கும். ஸ்கேல், பென்சில், டேப் இவற்றோடு போராடி, முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி என்று தாளில் வரைந்து வெட்டிய பின்னரே துணியைத் தொட எங்களுக்கு அனுமதி. துணியிலேயே நேராகக் கத்தரி வைத்தால் என்ன என்று எங்களில் பலர் முணுமுணுத்ததுண்டு. அப்படி அவசரப்பட்ட ஒருத்தி ஒரே சட்டைக்கு இரண்டு இடக்கைகளை வெட்டிவிட்டுத் திருதிருவென்று விழித்த நாளோடு அந்த முணுமுணுப்பு அடங்கிவிட்டது. இந்தத் தாளை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்க்க முனைந்தவர் யார் என்று தேடிப் படித்தோம். அவர் ஓர் அமெரிக்க அம்மையார். எல்லன் லூயிஸ் டெமாரெஸ்ட் என்பது அவர் பெயர். அவர் காலத்து மக்கள் அவரை மேடம் டெமாரெஸ்ட் என்றே அழைத்தார்கள்.

1824-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்திலுள்ள ஸ்கைலர்வில் என்னும் சிற்றூரில் எல்லன் பிறந்தார். அமெரிக்க விடுதலைப் போரில் 1777-இல் ஆங்கிலேயப் படையொன்று சரணடைந்த இடம் அது. தந்தை ஹென்றி கர்ட்டிஸ் நிலமும் வைத்திருந்தார், ஆண்களுக்கான தொப்பி செய்யும் தொழிற்சாலையும் வைத்திருந்தார். எட்டுக் குழந்தைகளில் இரண்டாமவர் எல்லன். ஊர்ப் பள்ளியில் படிப்பு முடிந்ததும், பதினெட்டு வயது மகளுக்குத் தந்தை ஒரு கடை வைத்துக் கொடுத்தார். பெண்களுக்கான தொப்பிக் கடை! மாப்பிள்ளை தேடும் வயதில் மகளுக்குக் கடை வைத்துக் கொடுத்த அந்தத் தந்தையை எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

கடை வைத்த ஊர் சரடோகா ஸ்பிரிங்ஸ். ஊற்று நீரில் குளிக்கவும் அதைக் குடிக்கவும் கோடைக்காலத்தில் பணக்காரர்கள் வந்து தங்குமிடம் அது. சீமாட்டிகள் புதுப்புது உடைகளில் மாலையில் உலாவுவார்கள். தொப்பிக்காரப் பெண்ணுக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறு கிடைக்குமா? ஓராண்டுக்குப் பின் டிராய் நகருக்கும், பிறகு நியூயார்க் நகருக்கும் தொழிலை மாற்றினார். 1858-இல் வில்லியம் ஜென்னிங்ஸ் டெமாரெஸ்ட் என்னும் துணி வணிகரை மணந்தார். அவர் மனைவியை இழந்தவர், இரு குழந்தைகளின் தந்தை. எல்லனுக்கும் பின்னர் இரு குழந்தைகள் பிறந்தனர். நான்கு பிள்ளைகளையும் ஒரு தாயாக வளர்த்தார்.

திருமணமான புதிதில் அவர்கள் ஃபிலடெல்ஃபியாவில் குடியிருந்தார்கள். ஒருநாள் வீட்டுப் பணிப்பெண் பொட்டலம் கட்டும் தாளை விரித்து, அதில் உடையின் துண்டுகளை வெட்டிக்கொண்டிருந்தாள். தனக்கு ஓர் உடை தைக்க அவள் செய்த ஏற்பாடு அது. எல்லன் அதைப் பார்த்தார். ஒருத்திக்காக வெட்டும் இந்தத் தாளை ஆயிரம் பேருக்காக வெட்டினால் என்ன என்னும் எண்ணம் அங்கேதான் பிறந்தது. அந்தப் பெண்ணை வரலாறு பணிப்பெண் என்று மட்டுமே குறிக்கிறது. இந்தக் கதையைப் படித்தபோது எங்கள் மனம் சற்று நேரம் அவளிடத்திலேயே நின்றது. எல்லன் தம் தங்கை கேட்டுடன் சேர்ந்து, உடலின் அளவுகளைக் கணக்கிட்டு உடை வரையும் ஒரு முறையை வகுத்தார்.

இதில் என்ன புதுமை என்று தோன்றலாம். அன்று ஒரு கவுன் எப்படித் தைக்கப்பட்டது என்பதை அறிந்தால்தான் அது விளங்கும். வசதியுள்ளவள் தையற்காரியை வரவழைப்பாள். மலிவான லைனிங் துணியை அவள் உடம்பின் மேலேயே போர்த்தி, அங்கங்கே பிடித்துப் பிடித்துப் பின் குத்தி, உடலோடு ஒட்டிய வடிவத்தைத் தையற்காரி எடுப்பாள். பின்னர் அதைப் பிரித்து நல்ல துணியில் வைத்து வெட்டுவாள். கைதேர்ந்தவர்க்கே கைவரும் வேலை அது, கூலியும் அதிகம். வசதியற்றவள் என்ன செய்வாள்? பழைய உடையின் தையலைப் பிரித்து அதைப் பார்த்து வெட்டுவாள். மாதர் இதழ்களில் சில வரைபடங்கள் வரும். அவை உள்ளங்கையளவே இருக்கும், அதுவும் ஒரே அளவுக்குத்தான். அதைப் பெரிதாக்கித் தன் உடம்புக்குப் பொருத்துவதற்குள் பாதிப் பேர் கைவிட்டிருப்பார்கள்.

அப்பொழுது இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. எலியஸ் ஹோ 1846-இலும் ஐசக் சிங்கர் 1851-இலும் தையல் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றிருந்தார்கள். 1850-களின் பிற்பகுதியிலிருந்து தவணை முறையிலும் இயந்திரம் கிடைத்தது. ஆக, நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் வீட்டில் இயந்திரம் இருக்கிறது, துணி இருக்கிறது. எங்கே வெட்டுவது என்பது மட்டும் தெரியவில்லை. அந்த இடைவெளியைத்தான் மேடம் டெமாரெஸ்ட் மெல்லிய டிஷ்யூ தாளால் நிரப்பினார்.

1860-இல் கணவனும் மனைவியும் நியூயார்க்கின் பிராட்வே தெருவில் ஒரு பெரிய உடை நிலையம் திறந்தார்கள். அதே ஆண்டில் ஒரு காலாண்டிதழையும் தொடங்கினார்கள். இதழ் ஒவ்வொன்றிலும் ஒரு டிஷ்யூ தாள் மாதிரி தைத்து இணைக்கப்பட்டிருந்தது. புத்தகத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு சட்டை மடிந்து கிடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மற்ற மாதிரிகளைத் தபாலில் வரவழைக்கலாம். அவை இருவகை: வெறும் துண்டுகள் மட்டுமுள்ளவை ஒன்று, விளிம்பு, சுருக்கம், அலங்காரம் எல்லாம் தாளிலேயே செய்து, முடித்த உடைபோலவே காட்டுபவை மற்றொன்று. தைப்பதற்குமுன் உடையைக் கண்ணால் காண விரும்புபவர்கள் இரண்டாவதை வாங்கினார்கள். 1863-இல் நாடே பேசிய ஒரு திருமணம் நடந்தது. டாம் தம்ப் என்று பேர்பெற்ற குள்ள மனிதருக்கும் லவீனியா வாரன் என்னும் சிறு உருவப் பெண்ணுக்கும் நடந்த மணவிழா அது. மணமகளின் உடை மேடம் டெமாரெஸ்ட் நிலையத்தில்தான் உருவாயிற்று.

முதலில் கிரினோலின் என்னும் கம்பி வளையக் கூண்டின்மேல் குடைபோல் விரியும் பாவாடைகளின் காலம். அதை ஏழைப் பெண்களும் வாங்கும் வகையில் விலை குறைந்த வளையப் பாவாடைகளை அவர் விற்றார். தெருச் சேற்றில் பாவாடை புரளாதபடி, கயிறுகளை இழுத்தால் அது உயரும் ஒரு சாதனமும் விற்பனைக்கு வந்தது. 1869-ஐ ஒட்டிப் பெண்களின் உருவமே மாறிற்று. பாவாடையின் முன்புறமும் பக்கங்களும் தட்டையாயின; துணி முழுவதும் பின்னால் ஒதுங்கி, இடுப்புக்குக் கீழே மேடாக எழுந்து நின்றது. அதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே எஃகுக் கம்பியோ குதிரைமயிர்த் துணியோ அடுக்கடுக்கான கஞ்சித் துணியோ வைத்த ஒரு தாங்கி கட்டிக்கொண்டார்கள். அதற்கு பஸில் என்று பெயர். 1876-ஐ ஒட்டி அது தணிந்தது, 1883-க்குப்பின் மீண்டும், முன்னிலும் முறுக்காக, பலகை வைத்தாற்போல் நீட்டிக்கொண்டு வந்தது, 1890-க்குள் போய்விட்டது. படங்களில் அதைப் பார்த்தபோது இவர்கள் எப்படித்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்களோ என்று சிரித்தோம். கம்பிகள் மடங்கும்படி செய்திருந்தார்கள் என்று அறிந்ததும் சிரிப்பு வியப்பாயிற்று.

தையல் கற்பவர் கண்ணால் பார்த்தால், மாதிரித்தாளுக்குப் பெரிய சோதனை அந்த பஸில் உடைதான். மேற்சட்டை உடலோடு ஒட்ட வேண்டும். ஆகவே முதுகு ஒரே துண்டன்று. நடு முதுகு, பக்க முதுகு, பக்கவாட்டு என்று வளைந்த பல துண்டுகள். முன்புறத்தில் டார்ட்டுகள். கை ஒவ்வொன்றுக்கும் மேல்துண்டும் கீழ்த்துண்டும். அடிப்பாவாடைக்கு மேலே குறுகிக் கீழே அகலும் பட்டைகள். அதன்மேல் இன்னொரு பாவாடை. அதன் பக்க விளிம்புகளில் மடிப்புகள், உட்புறத்தில் நாடாக்கள். நாடாவை இழுத்துக் கட்டினால்தான் பின்புறம் மேகம்போல் உப்பும். வெளியே பார்ப்பவர்க்கு அது துணியின் விளையாட்டு. உள்ளே அத்தனையும் கணக்கு. அந்தக் கணக்கைத்தான் தாள் சொல்லித் தந்தது.

அந்தத் தாளில் எழுத்து ஒன்றும் இராது. இன்ன துண்டு, இங்கே மடி என்று அச்சிடும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. அக்காலத் தாள்களில் சிறு துளைகளும் விளிம்பில் சிறு வெட்டுகளுமே உண்டு. வெட்டோடு வெட்டைச் சேர்க்க வேண்டும். துளை இருக்குமிடத்தில் மடிக்க வேண்டும். எங்கள் தோழியின் இரு இடக்கைகளைக் கேலி செய்த நாங்கள், எழுத்தில்லாத அந்தத் தாளை நம்பிப் பட்டுத்துணியில் கத்தரி வைத்த பெண்களை எண்ணித் தலை வணங்குகிறோம்.

வணிகம் வளர்ந்தது. காலாண்டிதழ் 1860-களின் நடுவில் மாத இதழாயிற்று. ஜென்னி ஜூன் என்னும் புனைபெயரில் எழுதிய ஜேன் கன்னிங்ஹாம் குரோலி அதன் முதன்மை எழுத்தாளராயிருந்து, உடையோடு பெண்களின் கல்வி, வேலை, ஊதியம் பற்றியும் எழுதினார். நாடெங்கும் கிளைகள் எழுந்தன. அவற்றில் விற்பனை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1876-இல் மட்டும் முப்பது இலட்சம் மாதிரிகள் விற்றன. அவ்வாண்டு ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சியிலும் அவருடைய உடைகள் வைக்கப்பட்டன. பணிப்பெண்ணின் பொட்டலத் தாளைப் பார்த்த அதே நகரம்!

இத்தனையிலும் எங்களை மிகவும் தொட்டது அவருடைய தையற்கூடந்தான். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865-இல். வடக்கு மாநிலங்களிலுங்கூடக் கறுப்பினப் பெண்களைக் கடைக்குள் வெள்ளையரோடு அமர்த்துவார் அரிது. மேடம் டெமாரெஸ்ட் அவர்களை வெள்ளைப் பெண்களோடு ஒரே கூடத்தில், ஒரே நிபந்தனையில் வேலைக்கு வைத்தார். நிலையத்தின் விருந்துகளுக்கும் அவர்களை அழைத்தார். இது பிடிக்காத வாடிக்கையாளர்கள் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம் என்பதே அவர் நிலை. பணக்காரச் சீமாட்டிகளை நம்பி நடக்கும் கடையில் அப்படி நிற்பது எளிதன்று. அந்தச் சீமாட்டிகள் சென்றுவிட்டால் நட்டம் அவருக்குத்தானே?

1868-இல் சார்லஸ் டிக்கன்ஸுக்கு நியூயார்க் பத்திரிகையாளர்கள் விருந்து அளித்தபோது, பெண் என்பதால் குரோலிக்கு அனுமதிச் சீட்டு தர மறுத்தார்கள். அதன் விளைவாகச் சொரோசிஸ் என்னும் மகளிர் சங்கத்தைக் குரோலி தொடங்கினார். அதன் தொடக்க உறுப்பினருள் மேடம் டெமாரெஸ்டும் ஒருவர். 1872-இல் சூசன் கிங் என்னும் செல்வப் பெண்மணியோடு சேர்ந்து ஒரு தேயிலை நிறுவனமும் நடத்தினார். வறுமையுற்ற பெண்களுக்குத் தேயிலை விற்கும் வேலை தருவது அதன் நோக்கம். அதற்கென ஒரு கப்பலும் இருந்தது. அதன் பெயர் மேடம் டெமாரெஸ்ட்.

ஆனால் ஒன்றை அவர் செய்யவில்லை. தம் காகித மாதிரிக்கு உரிமம் பெறவில்லை. மாசசூசெட்ஸைச் சேர்ந்த எபனேசர் பட்டரிக் என்னும் தையற்காரர் 1863-இல் தம் மாதிரிகளை விற்கத் தொடங்கினார். மனைவி குழந்தைக்குச் சட்டை வெட்டத் திணறியதைப் பார்த்து அவருக்கு இந்த எண்ணம் வந்ததாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டே அவரும் நியூயார்க்குக்கு வந்தார். இன்று பல நூல்கள் காகித மாதிரியைக் கண்டவர் பட்டரிக் என்றே எழுதுகின்றன. இதில் எங்களுக்கு வருத்தம் உண்டு. எனினும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒரே உடையைச் சிறியது முதல் பெரியது வரை வரிசையான அளவுகளில் வெட்டி விற்றது பட்டரிக்கின் சிறப்பு. உடம்பு பெருத்தவளும் மெலிந்தவளும் தனக்கேற்ற அளவைக் கேட்டு வாங்கலாம். தையல் வகுப்பில் மூன்று முறை பிரித்துத் தைத்தவர்களுக்குத்தான் அதன் பெருமை தெரியும். முதலில் வந்தவர் மேடம் டெமாரெஸ்ட். அளவை வகுத்துத் தந்தவர் பட்டரிக். எங்கள் தீர்ப்பு இதுதான்.

1880-களில் பட்டரிக்கின் கை ஓங்கியது. வில்லியம் டெமாரெஸ்டின் மனமோ மதுவிலக்குப் பிரசாரத்தில் முழுதும் திரும்பியிருந்தது. 1885-இல் மதுவிலக்குக் கட்சியின் சார்பில் நியூயார்க் மாநிலத் துணை ஆளுநர் பதவிக்கும் போட்டியிட்டார், வெற்றி கிட்டவில்லை. 1887-இல் மாதிரித் தொழிலை விற்றுவிட்டார்கள். கணவர் 1895-இல் காலமானார். மேடம் டெமாரெஸ்ட் 1898 ஆகஸ்ட் 10-ஆம் நாள் நியூயார்க்கில் மறைந்தார். பஸில் உடையும் அதற்குள் வழக்கொழிந்திருந்தது. மறு ஆண்டு அவர்கள் தொடங்கிய இதழும் நின்றது.

பட்டரிக்கின் பெயர் தாங்கிய மாதிரிகள் இருபத்தோராம் நூற்றாண்டிலும் விற்பனையாயின. டெமாரெஸ்ட் மாதிரிகளை இனி அருங்காட்சியகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலுந்தான் தேட வேண்டும். பழங்கால உடை தைத்துப் பார்க்கும் ஆர்வலர்கள் அத்தகைய பழைய தாள்களைப் பார்த்துப் புதிய தாளில் படியெடுத்து, அதை வைத்துத்தான் துணி வெட்டுகிறார்கள். மூலத் தாளை விரிப்பதற்கே அஞ்ச வேண்டும். மடித்த மடிப்பிலேயே அது கிழிந்துவிடும்.